முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்கிச் சீர்செய்ய நினைக்கும் வண்டி ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனியின் வில்லிஸ் பிக்கப். 1947 முதல் 1965 வரை வந்த வரிசை, 118 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்). கிரில் நடுவில் கூராக முன்தள்ளி, குறுக்கே 5 பட்டை ஓடுகிறது. அதனால் 1950-களின் தொடக்கத்து வண்டி என்று நினைக்கிறேன். டாட்ஜ் பவர் வேகன் என்ற பெரிய பிக்கப்பைவிட எடை குறைவு, அதே காலத்து ஜீப்புகளின் சாமான்கள் நிறையப் பொருந்தும். முதல் வண்டியாக எடுத்துச் செய்ய இதைவிடத் தோதானது கிடைப்பது கஷ்டம்.

எஞ்சின் இறுகிக் கிடக்கிறதே என்பதுதான் உன் பயம். அதைக் கடைசியில் வைத்துக்கொள் கண்ணம்மா. அந்த எஞ்சினுக்குப் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இந்த வண்டிகளைப் பாதியில் நிறுத்துவது இரண்டே சங்கதி: அரித்த சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), காணாமல் போன சாமான். கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம், மீட்டர் கூடு, டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) இரண்டு லீவர், பின்கதவுக் கொக்கி, ஸ்டீயரிங் காலம் பிடிக்கும் கிளாம்ப். இவை உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதை மாதிரியாக வைத்து ஒட்டலாம், புதிதாகச் செய்யலாம். இல்லவே இல்லையென்றால் தேடியே வருஷங்கள் ஓடிவிடும். அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்.

சேசிஸைக் கண்ணால் பார்த்து நம்பாதே. மேலே கறுப்பு பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படு. சின்னச் சுத்தியல் ஒன்றும் பழைய ஸ்குரூ டிரைவர் ஒன்றும் எடுத்துப் போ. முன்னிருந்து பின்வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வா. நல்ல இரும்பு கணீரென்று பேசும், உள்ளே அரித்த இடம் தொப்பென்று கேட்கும். கேட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்து, இறங்கினால் அங்கே இரும்பு இல்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கிகள், கடைசிக் குறுக்குச் சட்டம், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடித்த இடங்கள். தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து துரு ஊதினால் ரிவெட்டே பிதுங்கி நிற்கும். அப்புறம் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் பிடித்திருக்கும் பக்கம். அங்கே முடிபோல விரிசல் ஓடியிருக்கும், கிரீஸைத் துடைக்காமல் தெரியாது. சேசிஸ் கோணலா என்று பார்க்க, இடது முன் தாங்கியிலிருந்து வலது பின் தாங்கிக்கு ஒரு அளவு, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு இன்னொரு அளவு எடு. இரண்டும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் வண்டி எங்கோ பலமாக அடிபட்டிருக்கிறது.

வண்டியின் அடையாளப் பிளேட்டில் உள்ள எண், சேசிஸில் அடித்த எண், காகிதத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளேட்டின் ரிவெட் புதிதாக மின்னினால் ஏன் என்று கேள். ஒத்துவராத எண்ணை "பிறகு சரிசெய்யலாம்" என்று சொல்பவரிடம் வாங்காதே.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதைச் சொல்கிறேன், பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதம்தானா, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற அவற்றைச் சுற்றும் ஷாஃப்ட் இரண்டிலும் ஒரே அளவு சுற்றுகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து வில்லிஸ்களில் 5.38-ம் உண்டு, 4.88-ம் உண்டு. இத்தனை வருஷத்தில் யாராவது ஒரு ஆக்சிலை வேறு வண்டியிலிருந்து மாற்றியிருக்கலாம். இரண்டு சக்கர ஓட்டத்தில் எதுவும் தெரியாது. நான்கு சக்கரத்தில் போட்ட உடனே இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், டயர் தேயும், லீவர் விடுவிக்க முடியாமல் இறுகும், கடைசியில் ஷாஃப்டோ பல்லோ உடையும்.

எண்ணுவது சுலபம். கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரலில். சோதிக்கும் ஆக்சிலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கு, மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும். டயரிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடு. டயரைச் சரியாக 2 சுற்று சுற்று, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணு. ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு) பாதியைத் தின்றுவிடும், அதனால்தான் 2 சுற்று. 5 சுற்று முடிந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனால் 5.38. 5 முடிய எட்டில் ஒரு பங்கு பாக்கி நின்றால் 4.88. முன்னால் எண்ணும்போது சக்கர நடுவில், சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் பூட்டிவிட்டு எண்ணு, இல்லாவிட்டால் ஷாஃப்ட் அசையாது.

ஜாக்கி போடும்போது ஒன்று நினைவில் வை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்று தூக்கிய நிமிஷத்தில் அந்த பிரேக் இருந்தும் இல்லாததுதான்: தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் உருண்டுவிடும். கியரில் நிறுத்தினாலும் இதே கதிதான். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதே. அடியில் போகிறாய் என்றால் ஸ்டாண்டு இல்லாமல் போகவே கூடாது.

சக்கர நட்டு கழலவில்லை என்று நீளமான குழாய் மாட்டி அழுத்தாதே. இந்தக் கால வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி. ஸ்டட் நுனியைப் பார்த்தால் எல் என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கலாம். அதைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பின் சக்கர நடுவில் பெரிய காஸில் நட் (தலையில் வெட்டுப் பள்ளங்கள் உள்ள நட்டு) தெரிந்தால், டிரம் கூம்பு ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை இழுத்தெடுக்க ஹப் புல்லர் வேண்டும். நட்டை முழுக்கக் கழற்றாமல் ஷாஃப்ட் நுனியில் இரண்டு மூன்று புரி விட்டு வை. விடும்போது டிரம் குண்டு மாதிரி வெடித்து வெளியே வரும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடு.

இப்போது எஞ்சின். ஹெட்டின் மேல் வால்வு மூடி இருந்தால் ஹரிகேன். இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். மேலே மொழுக்கென்று தட்டையாக இருந்தால் பழைய கோ டெவில், எல்லா வால்வும் பிளாக்கில். இரண்டும் 134 கன அங்குலம், சுமார் 2.2 லிட்டர். கை வைப்பதற்கு முன் பிளாக்கின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துப் பார். தண்ணீர் உறைந்து பிளக்கும்போது விரிசல் நீளவாக்கில் ஓடும். அதைப் பித்தளை வைத்துப் பற்றவைத்த தழும்பு இருந்தால் விலை பேசும்போது சொல்.

இறுகிய எஞ்சினைச் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தோ, கியரில் வைத்து இழுத்தோ சுற்றப் பார்க்கிறார்கள். ரிங் உடையும், வளைந்த கனெக்டிங் ராடு அப்புறம் பிளாக்கையே துளைக்கும். நான்கு பிளக்கையும் கழற்று. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்று. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், திறந்தவெளியில் செய். ஓட்டையைத் துணியால் அடைத்து ஒரு வாரம் விடு, நடுவில் ஒருமுறை கொஞ்சம் சேர். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை ஆட்டு. அசைந்துவிட்டால் அவசரப்படாதே, அந்த விரற்கடையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டு. அதோடு பக்கவாட்டு மூடியைக் கழற்றி வால்வு ஸ்பிரிங்குகளைப் பார். ஹேண்டில் சுற்றும்போது ஒரு வால்வு மேலே போய் இறங்காமல் நின்றால் அதன் தண்டில் எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி இறக்கு.

சுற்ற ஆரம்பித்த பிறகு கம்ப்ரஷன் பார், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. அளவைவிடச் சிலிண்டர்களுக்குள் ஒற்றுமைதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பார். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். முதல் ஓட்டத்துக்குப் பழைய டேங்கை நம்பாதே. உள்ளே பெட்ரோல் பிசினாகி இருக்கும், ஐந்தே நிமிஷத்தில் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். சின்ன கேனிலிருந்து குழாய் போட்டு ஓட்டு. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 0.020, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. ஸ்டார்ட் ஆகி 15 நொடிக்குள் ஆயில் பிரஷர் முள் எழவில்லையென்றால் நிறுத்திவிடு.

இந்தக் கால வண்டி 6 வோல்ட். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் "6 வோல்ட் அப்படித்தான்" என்பார்கள். அப்படியில்லை. அதே 45 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் 7.5 வேண்டும். செல்ஃபுக்கும் அதே கணக்கு, அதனால் கேபிள் தடியாக இருக்க வேண்டும். ஆனால் யாரோ பின்னால் 12 வோல்ட் கேபிளை மாட்டியிருப்பார்கள், அது பாதித் தடிமன்தான் இருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி முனையிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வைத்து, செல்ஃப் போடும்போது படி. அரை வோல்ட் காணாமல் போனாலே கேபிளிலும் கிளாம்பிலும்தான் குற்றம். எர்த் பட்டையை சேசிஸோடு நிறுத்தாமல் எஞ்சின் பிளாக்கிலும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பிடி.

டிரான்ஸ்ஃபர் கேஸ் டானா 18. இதில் நடு ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்கும் முதலில் தேயும், ஊளைச் சத்தம் அதிலிருந்துதான். ஷாஃப்ட் 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என்று மூன்று அளவில் வந்திருக்கிறது. கழற்றி அளக்காமல் கிட் வரவழைக்காதே. கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே போய் டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடினால், இரண்டுக்கும் நடுவே சீல் போய்விட்டது. கியர் பாக்ஸில், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன, அதற்கு ஜிஎல்-4 ரக கியர் ஆயில் ஊற்று. ஜிஎல்-5-இல் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையைத் தின்னக்கூடியவை. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 சரி. ஓட்டும்போது காய்ந்த கெட்டி ரோட்டில் நான்கு சக்கரம் போடாதே, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பு இது. நான்கு டயரும் ஒரே சுற்றளவு வேண்டியதும் இதனால்தான்.

சின்னச் சாமான் துருவுக்கு மணலடிப்பை விட மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா. சாதாரண 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் சாமானுக்கு, பாசிட்டிவ் ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் தொடக் கூடாது. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழி விடுவது ஹைட்ரஜன், வெளியில் வை, பக்கத்தில் தீ வேண்டாம். அலுமினியத்தை இதில் போடாதே. பாடித் தகட்டில் மணலடித்தால் நெளியும், சேசிஸுக்கு மட்டும் மணல். அடித்த அன்றே ப்ரைமர் பூசு.

கடைசியாக ஒரு கட்டாயம்: வண்டி வந்த வாரமே முழுக்கப் பிரித்துப் போடாதே. பெட்டிகளில் அடைத்து விற்பனைக்கு வரும் வண்டிகள் எல்லாம் அப்படிப் பிரித்தவை. முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், குழாய் எல்லாம் புதிது. அது பிடிக்கிறது என்றான பிறகு எஞ்சின். பிறகு ஸ்டீயரிங், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி). மெதுவாக ஓட்டிப் பார்த்து எது கத்துகிறது, எது ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் ஒவ்வொரு பகுதியாகக் கழற்ற வேண்டும். ஒன்றை முடித்து மாட்டாமல் அடுத்ததைத் தொடாதே. கழற்றும் முன் படம், கழற்றியதும் போல்ட்டைப் பையில் போட்டுப் பேர் எழுதி வை. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

சனிக்கிழமை போகிறாய் அல்லவா? முன்பணம் கொடுக்காமல் வா. முன்னும் பின்னும் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி அனுப்பு. பின் ஸ்பிரிங் தாங்கிகளை உள்பக்கமிருந்து டார்ச் அடித்து இரண்டு படம் எடு, சேசிஸ் எண்ணைக் கிட்டத்தில் ஒரு படம். மூலைவிட்ட அளவு இரண்டும் வேண்டும். கட்டை நான்கு எடுத்துப் போம்மா, அங்கே கிடைக்கும் செங்கல்லை வைத்துச் சமாளிக்காதே.

அன்புடன்,
அப்பா