என் பெயரில் யாரோ பணம் கேட்கிறார்கள், என் புகாரை வாங்க ஆளில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பத்தில் கடை வைத்து, மலைக்கு மேலே கேரளாவில் இருக்கும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் சிறு விவசாயிகளிடம் ஏலக்காய் வாங்கி விற்கிறேன். எங்கள் கொடுக்கல் வாங்கலில் பாதி, போனில் பேசி, ஆளை நம்பி நடப்பதுதான். அந்த நம்பிக்கையில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். பேஸ்புக்கில் இருந்த என் படத்தையும் கடை போர்டையும் அப்படியே எடுத்து, என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, வாட்ஸ்அப்பிலும் அதே முகத்தை வைத்து, "எட்டு எம்எம் காய் விலை குறைச்சலா இருக்கு, அட்வான்ஸ் போடுங்க" என்று எனக்குத் தெரிந்தவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். மதுரையில் பலகாரக்கடை வைத்திருக்கும் ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டு, காய் வரவில்லை என்று என் கடைக்கே வந்துவிட்டார். அந்த நம்பர் என்னுடையது இல்லை என்று காட்டிய பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவர் பார்த்தது என் முகத்தைத்தானே. அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் காய் கொடுக்கிற வீடுகளில்கூட இப்போது ஒரு தயக்கம் தெரிகிறது, அதுதான் தாங்க முடியவில்லை.

சரி, புகார் கொடுப்போம் என்று போனால், இங்கே "அது கேரளா நம்பர், அங்க போய்க் கொடுங்க" என்றார்கள். மலையேறிப் போனால் அங்கே "நிங்ஙள் தமிழ்நாடல்லே, அவிடெ பறயூ" (நீங்கள் தமிழ்நாடுதானே, அங்கே சொல்லுங்கள்) என்று திருப்பி அனுப்புகிறார்கள். திருடுகிறவனுக்கு எல்லை இல்லை, எங்களுக்கு மட்டும் கம்பம்மெட்டில் ஒரு செக்போஸ்ட்!

இப்படித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் எழுதி அனுப்பலாம், அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இன்னொருவர் பெயரில் ஆன்லைனில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதையெல்லாம் ஒரு ஏலக்காய் வியாபாரி படித்துத் தெரிந்துகொண்டு ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. போடி, கம்பத்திலிருந்து ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிற அக்கா தங்கைகளின் படத்தை வைத்து எவனாவது இதைச் செய்தால் அவர்கள் யாரிடம் போவார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு ஸ்டேஷனுக்கும் அலைய முடியுமா?

தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட எஸ்பிக்களும் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று எல்லையோர ஸ்டேஷன்களுக்கு எழுத்தில் உத்தரவாகவே அனுப்ப வேண்டும், வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் போர்டு வைக்க வேண்டும்.

அப்புறம் வாசகர்களுக்கு ஒன்று. தெரிந்தவர் பெயரில் பணம் கேட்டு மெசேஜ் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
ஏலக்காய் வியாபாரி ஒருவர்,
கம்பம்