போன இதழ் ஜீரோ கட்டுரை: ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் ஓட்டுன ஜீரோங்கற ஃபைட்டர் விமானம் பத்தின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா திரும்புறதுல அத அடிச்சுக்க ஆளே இல்லன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் உறுத்துது. எந்த ஸ்பீடுலன்னு சொல்லணும்ல?

விமானம் திரும்பணும்னா மொதல்ல ஒரு பக்கமா சாயணும், எவ்ளோ சீக்கிரம் சாயுதோ அதுதான் ரோல் ரேட். அதுக்கு றெக்கை ஓரத்துல இருக்குற எய்லரான்ங்கற அசையுற பலகைய ஸ்டிக்கால அசைக்கணும், அன்னைக்கு முக்காவாசி ஃபைட்டர்ல அதுக்கு பைலட்டோட கைபலம் மட்டும்தான். ஸ்பீடு டபுள் ஆனா காத்தோட அழுத்தம் நாலு மடங்கு. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லாரி நிக்கும்போதுதான் கனக்கும், ஓட ஆரம்பிச்சா லேசாயிடும், இங்க அப்படியே தலைகீழ்.

1942 ஜூன்ல அலாஸ்கா பக்கம் அகுடான் தீவுல ஒரு ஜீரோ எறங்கப் பாத்து, புல்தரைன்னு நெனச்ச எடம் சேறா இருந்ததால குப்புறக் கவுந்துச்சு, பைலட் கோகா அங்கயே செத்துட்டார். கூட வந்தவங்க, உள்ள ஆள் உயிரோட இருந்தா என்ன பண்றதுன்னு அத சுட்டு அழிக்காம போயிட்டாங்க. அமெரிக்காக்காரன் அத தூக்கிட்டு வந்து சான் டியாகோல ரிப்பேர் பண்ணி செப்டம்பர்ல பறக்கவிட்டான். ஓட்டிப் பாத்தவர் எடி சாண்டர்ஸ். 200 நாட், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர தாண்டினா எய்லரான் கல்லு மாதிரி ஆயிடுது, அதுலயும் இடது பக்கம் சாயுறத விட வலது பக்கம் சாய ரொம்ப கஷ்டம், மூக்க சட்டுனு கீழ அமுக்கினா கார்புரேட்டர் கோளாறுல இஞ்சினும் நின்னு நின்னு ஓடுது. அப்பறம் என்ன, ஜீரோ பின்னாடி வந்தா டைவ் அடிச்சு ஸ்பீடு ஏத்திட்டு வலது பக்கம் திரும்புன்னு பைலட்டுங்களுக்கு சொல்லிட்டாங்க.

ஜீரோவ மட்டும் கொற சொல்லல. ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் 109ங்கற ஃபைட்டர 1940ல இங்கிலாந்துல டெஸ்ட் பண்ணப்ப மணிக்கு 640 கிலோமீட்டர்ல 45 டிகிரி சாயவே நாலு செகண்ட் ஆச்சாம், காக்பிட் வேற அவ்ளோ குறுகல், முழங்கைய அகட்டி பலமா தள்ளக்கூட எடம் கெடையாது.

இன்னொண்ணு, 1941 டிசம்பர்ல ஜப்பான் தாக்குன பேர்ல் ஹார்பர்னு நீங்க போட்ட படத்துல ஜீரோவோட றெக்கை நுனி சதுரமா இருக்கு. அது ஜப்பான்காரங்களே நுனிய வெட்டி 12 மீட்டர 11 ஆக்கின 32ஆம் மாடல், வந்ததே 1942ல. பேர்ல் ஹார்பருக்கு போனது வட்ட நுனி இருக்குற 21ஆம் மாடல். அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க.

தாம்பரம் வாசகர்