ஐப்பசி மழைக்கு முன் விமானம் முடிய வேண்டும்: கெடிலக்கரைச் சிவன் கோயில் திருப்பணி வேண்டுகோள்

சிவநேயச் செல்வர்களுக்கு வணக்கம்.

அப்பர் பெருமான் பிறந்த திருவாமூரும், சூலை நீங்கி முதல் பதிகம் பாடிய திருவதிகையும் நமக்குப் பக்கத்து ஊர்கள். திலகவதி அம்மையார் கோயில் பெருக்கி மெழுகியதும், அப்பர் உழவாரப்படை ஏந்திப் புல் செதுக்கியதும் இந்தச் சீமையில்தான். இப்பேர்ப்பட்ட மண்ணில் நம் ஈசன் கருவறை மேல் எழும் விமானத்தில் அரசமரம் ஆளுயரம் வளர விட்டுவிட்டோம்.

சுவருக்கு மேலுள்ள பிரஸ்தரம் என்னும் கூரை விளிம்பு வரை கருங்கல், பழுதில்லை. அதற்கு மேல் தளம், கழுத்தான கிரீவம், உச்சியான சிகரம் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். போன திருப்பணியில் சிமெண்ட் பூசியதுதான் வினை. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, பழைய செங்கல் மாவாய் உதிர்ந்தது. வெடிப்பில் பறவை எச்சத்தோடு விழுந்த அரச விதை வேர் பிடித்தது. இப்போது வேரை அடியோடு எடுத்து, சிமெண்டைக் கையுளியால் கொத்தி அகற்றியாகிவிட்டது. ஒரு பங்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு, இரண்டு பங்கு சலித்த மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்துதான் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றைப் பிடித்து மெல்லத்தான் இறுகும். அதற்குள் ஐப்பசி அடைமழை அடித்தால் பூச்சு கரைந்து வழியும். சவுக்குச் சாரத்துக்கு நாள் வாடகை வேறு ஏறுகிறது.

மொத்த மதிப்பீடு ரூ.18,40,000. வந்தது ரூ.13,15,000. குறைவது ரூ.5,25,000: ஸ்தபதி, கொத்தனார் கூலி 2,90,000; சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் 95,000; மண்டப மேல்தளத்தில் பதிக்கும் தட்டோடு (தட்டையான ஓடு) 1,40,000.

இதுவரை தாங்கியவர்களை மறக்க மாட்டோம். முதல் தொகை தந்த பண்ருட்டி முந்திரி, பலா வியாபாரிகள். சம்பளத்தில் மாதம் தவறாமல் அனுப்பும் நெய்வேலி ஊழியர்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள். உண்டியல் உடைத்துக் கொடுத்த மகளிர் குழுவினர். கொம்பரக்கு, குங்குலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என, சிலையைப் பீடத்தில் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்துச் சரக்கு எட்டையும் ஏற்ற குடும்பத்தார். எல்லோர் குலமும் தழைக்க வேண்டும்.

ஆனால் ஊரின் 240 தலைக்கட்டுக் குடும்பங்களில் 97 தலைக்கட்டு இன்னும் வரி ரூ.2,000 செலுத்தவில்லை. வெளியூர்க்காரர் கொடுக்க, உள்ளூரார் பார்த்திருப்பது அழகல்ல. அந்தப் பாக்கி வந்தாலே தட்டோடு பதித்துவிடலாம்.

தினமும் மாலை 6 முதல் 8 வரை வசந்த மண்டபத்தில் செலுத்தி, கையோடு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வெல்லம், கடுக்காய், சுண்ணாம்பு, சவுக்கு, ஒருநாள் கூலி எதுவானாலும் ஏற்போம். சிமெண்ட் மூட்டை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்