பழுதுபார்க்கவும் பணம் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் செயற்கைக் கால் பட்டறைக்குப் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடலில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி பழுதுபார்ப்புச் செலவை ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான். புதுக் கால் வாங்கித் தர ஆள் கிடைத்துவிடும். தேய்ந்த பாதத்தை மாற்றவும் அறுந்த வாரைத் தைக்கவும் யாரிடம் போய்க் கேட்பது? வளரும் பிள்ளைக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கால் சின்னதாகிவிடும். பெரியவர்களுக்கும் சில வருடங்கள்தான் தாங்கும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் மீதிக் கால் சுருங்கிக்கொண்டே வரும். அந்த மீதிக் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும் கூடான சாக்கெட் தொளதொளத்து, தோல் உரசிப் புண்ணாகும். அப்போது சரிசெய்ய ஆளில்லை என்றால், அந்தக் கால் வீட்டு மூலையில் சாய்ந்து கிடக்கும். அதற்குக் கொடுத்த பணமும் அதோடு போச்சு.

அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சு வார்த்து, சாக்கெட்டை இழைத்துத் தரும் நுட்பநர்களுக்கு அடுத்த வணக்கம். 1968-இல் உருவான ஜெய்ப்பூர் பாதத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவர் பி.கே. சேத்தியின் பெயர்தான் அதிகம் அடிபடும். கைவினைஞர் ராம் சந்திர சர்மா இல்லாமல் அது உருவாகியிருக்காது. வெறுங்காலோடு நடக்கவும், குத்தவைத்து உட்காரவும் இடம்கொடுக்கும் பாதம் அது. அந்தக் கைகளின் வாரிசுகளாகத்தான் எங்கள் நுட்பநர்களைப் பார்க்கிறேன்.

பாலிபுரோப்பிலீன் தகடுகள் அனுப்பியவர்களே, உங்கள் தகடு வீணாகவில்லை. சூட்டில் இளகும் பொருள் என்பதால் செயற்கைக் கால், பலவீனமான காலைத் தாங்கும் காலிபர் இரண்டுக்கும் ஆகிறது.

அப்புறம், வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு. கட்டுப் போட்டுப் பாதம் நிமிர்ந்த பிறகும், குழந்தைக்கு 4, 5 வயது ஆகும்வரை தூங்கும்போது பிரேஸ், அதாவது பாதம் மறுபடி வளையாமல் பிடித்துவைக்கும் கருவி, மாட்டியாக வேண்டும். அது அழும், கழற்றச் சொல்லும். மனம் இளகாமல் தினமும் மாட்டினீர்களே, பாதி வைத்தியம் உங்களுடையது.

செயற்கை உறுப்போ தாங்கு கருவியோ தேவைப்படுவோரில் 10 பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால் மறுபடி கேட்கிறோம். பழைய கால் இருந்தால் பாதம், குழாய், மூட்டு மட்டும் கழற்றி அனுப்புங்கள். சாக்கெட் வேண்டாம், அது ஒருவருக்கென்றே வார்த்தது.

நன்றியுடன்,
பட்டறைக் குழுவினர் சார்பாக