கொத்தனார் கரணை எப்போது சித்தாள் கைக்கு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடருக்குப் பிறகு கட்டித் தரப்படும் வீடுகளின் தரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிமென்ட், கம்பி, ஒப்பந்தக்காரர்களின் முறைகேடு எல்லாம் அதில் இருந்தன. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது யார், அதைக் கட்டிய கைகள் யாருடையவை என்பது மட்டும் இல்லை. நாகை கடலோரத்தில் சுனாமி குடியிருப்புகள் எழும்பிய காலத்தில் அங்கே தளப் பொறியாளராக வேலை பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26-ல் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172 ஒரு நல்ல காரியம் செய்தது: புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கச் சொன்னது. அதுவரை ஒரு சென்ட் நிலத்தில்கூடப் பெயர் இல்லாத மீனவப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நேரில் பார்த்தேன். ஆனால் பத்திரத்தில் பெயர் வந்ததே தவிர, அடுப்படி எந்தப் பக்கம் வேண்டும் என்று அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

மீனவக் கிராமங்களில் முடிவெடுப்பது மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்து. அதில் உட்காருவது ஆண்கள் மட்டும். தொண்டு நிறுவனங்கள் அவர்களிடம் வரைபடத்தைக் காட்டின, அவர்கள் சரி என்றார்கள், வேலை தொடங்கியது. அந்த நாட்களில் உடல்களை அடக்கம் செய்வதிலிருந்து நிவாரணத்தைப் பங்கிடுவது வரை அந்தப் பஞ்சாயத்துகள் செய்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் போட்ட பயனாளிப் பட்டியல்களில் விதவைகள் பின்தங்கினார்கள். கடலை நம்பிப் பிழைத்த தலித், இருளர் குடும்பங்கள் பல விடுபட்டே போயின.

வீடுகள் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வந்தன. 300 சதுர அடிச் சொச்சம். பலவற்றில் திண்ணை இல்லை, கருவாடு காயப்போட இடம் இல்லை, அடுப்படியை ஒட்டியே கழிப்பறை. நிலத்தைச் சமப்படுத்துகிறோம் என்று நிழல் தந்த மரங்களை வெட்டினார்கள். உறுதியாக நின்ற பழைய வீடுகளைக்கூடச் சில இடங்களில் இடித்தார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கான்கிரீட்டுக்குள் பகலில் உட்காரவே முடியாது. கொஞ்ச நாளில் பலர் வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு, சமையலையும் படுக்கையையும் அங்கே மாற்றிக்கொண்டார்கள். அதை ஆக்கிரமிப்பு என்று எழுதிய அதிகாரிகள் உண்டு. என்னைக் கேட்டால், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய வீட்டுக்கார அம்மாளின் பிளான் அதுதான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் பணத்தைத் தவணை தவணையாகக் குடும்பத்தின் கையில் கொடுத்து, பொறியாளர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்த தவணை என்று நடத்தினார்கள். ஏறக்குறைய 2 லட்சம் வீடுகள் அப்படி எழும்பின. அதற்கு முன்பே, 1993 பூகம்பம் தாக்கிய லாத்தூர் பகுதியில், பழுதுபார்க்கும் வேலையை ஊர்க்காரர்களுக்கு விளக்கவும் கண்காணிக்கவும் அந்தந்த ஊர்ப் பெண்களையே அமர்த்தினார்கள்.

ஆனால் பணத்தைக் கையில் கொடுத்தால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. போருக்குப் பின் இலங்கையின் வன்னிப் பகுதியில் இந்திய வீட்டுத் திட்டம் அந்நாட்டுப் பணத்தில் 5.5 லட்சம் ரூபாயை நேரடியாகக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் போட்டது. வீடுகள் அவரவர் விருப்பப்படி வந்தன. அதே சமயம், கணவனை இழந்த பெண்கள் மணலுக்கும் மேசனுக்கும் அலைந்து, விலை ஏற ஏறக் கடன் வாங்கித்தான் கூரை போட வேண்டியிருந்தது. வீட்டுக்காரியே சுவர் எழுப்பத் தெரிந்தவளாக இருந்தால் அந்தக் கடனில் ஒரு பங்காவது குறைந்திருக்கும்.

நான் சொல்ல வந்த முக்கிய விஷயமே இதுதான். எங்கள் தளங்களில் சித்தாள் எல்லாரும் பெண்கள், கொத்தனார் எல்லாரும் ஆண்கள். அதே தளத்தில் கையாளாகச் சேரும் பையன் சில வருடங்களில் கரணை பிடித்துவிடுவான். சித்தாளாக வந்த பெண் முதுகு வளையும் வரை சித்தாள்தான், கூலியும் கொத்தனார் கூலியில் ஏறக்குறைய பாதிதான். அனுபவமுள்ள சித்தாள் சட்டியைத் தூக்கும்போதே கலவையில் தண்ணீர் அதிகம் என்று சொல்லிவிடுவார். எந்தச் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கும், எது சாயும் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்டால், பெண்களுக்குப் பலம் போதாது, சாரம் ஏறக் கூடாது என்பார்கள். செங்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சாரத்தில் ஏறுவது யார்? சுமப்பதைவிட அடுக்குவதற்குக் குறைந்த பலம் போதும். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தின்போது கிராமத்துப் பெண்களுக்குக் கொத்தனார் வேலை கற்றுக்கொடுத்தார்கள், அவர்களை அங்கே ராணி மிஸ்திரி என்கிறார்கள். கேரளாவில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்துப் பெண்களின் கட்டுமானக் குழுக்கள் முழு வீட்டையே கட்டி முடிக்கின்றன. அவர்கள் தூக்குவதும் நாம் தூக்கும் அதே செங்கல்தான்.

2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கூரைகளை அள்ளிக்கொண்டு போனபோது, ஓடு மாற்றவும் சுவர் பூசவும் ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகத் தவித்தோம். எல்லா ஊரிலும் சித்தாள்கள் வீட்டில் வேலையில்லாமல் இருந்தார்கள். அடுத்த புயலும் இதே கடற்கரைக்குத்தான் வரும். அதற்கு முன் டெல்டா மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒரு பெண் கொத்தனார் குழுவையாவது உருவாக்க வேண்டும். அரசு வீட்டுத் திட்டங்களில் அவர்களுக்குக் கட்டாயம் வேலை ஒதுக்க வேண்டும்.

இதற்குப் புது வரி வேண்டாம். கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு ஏற்கெனவே வசூலாகிறது. அதிலிருந்து பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலியைக் கொடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார அவர்களால் முடியாது. தளத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். அப்புறம், பயிற்சி முடித்தவர்களின் நலவாரிய அட்டையில் சித்தாள் என்பதை அடித்துவிட்டுக் கொத்தனார் என்று எழுதித் தர வேண்டும். கொத்தனார் கூலியைக் கேட்டு வாங்க அவர்களுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தளப் பொறியாளர்,
மயிலாடுதுறை