பாடிய குரலுக்கும் ஒரு பங்கு: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் வாழும் தமிழன். இந்த நாட்டின் வாக்காளன். இந்த மடலின் ஆங்கில வடிவம் தனியே அஞ்சலில் உங்களுக்கு வந்துசேரும். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இங்கே வாக்குரிமை பெற்ற என் மொழிக்காரர்கள் பலர் காலையில் காரில் வானொலியைக் கேட்டபடியே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கேட்கும் குரல்களுக்கு வானொலி நிலையங்கள் ஒரு சென்ட்கூடத் தருவதில்லை என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

என் வீட்டிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் டென்னசி ஆற்றங்கரையில் ஷெஃபீல்ட் என்ற சிற்றூர் வரும். 1960களின் நடுவில் அங்குள்ள மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் பெர்சி ஸ்லெட்ஜ் என்ற இளைஞர். ஓய்வு நேரத்தில் எஸ்குயர்ஸ் என்ற உள்ளூர்க் குழுவில் பாடினார். ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த வானொலி அறிவிப்பாளர் குவின் ஐவி, நோராலா என்ற தன் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவரை அழைத்தார். 1966இல் அங்கே பதிவானதுதான் ‘வென் எ மேன் லவ்ஸ் எ உமன்’. அந்த மே மாதக் கடைசியில் அது அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்துக்குப் போனது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு, பெரும் விற்பனைக்கான அங்கீகாரமான தங்க இசைத்தட்டை முதலில் தந்ததும் அந்தப் பாடல்தான்.

அந்தப் பதிவை ஒரு முறையாவது கண்ணை மூடிக் கேளுங்கள். ஸ்பூனர் ஓல்டாமின் ஆர்கன், கோயிலில் வழிபாடு தொடங்குவதற்கு முன் ஒலிப்பதைப் போல மெதுவாக நிரம்பும். அதன் கீழே பேஸ் என்ற தாழ்சுருதிக் கிட்டார் படிப்படியாக இறங்கும். பிறகு எந்த முன்னுரையும் இல்லாமல் பெர்சி உச்சத்திலேயே தொடங்குவார். கெஞ்சலுக்கும் கதறலுக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் குரல். முடிவில் வரும் ஊதுகருவிகள் சற்றே சுருதி விலகி ஒலிக்கும். அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அதைத் திருத்தி மறுபடி பதியச் சொன்னார் என்றும், அப்படியே பதிந்தும் ஒலிநாடா மாறிப்போய்ப் பழையதே வெளியாகிவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தச் சுருதி விலகலைத் தாளில் யாரும் எழுதிவைக்கவில்லை. அது வாசித்தவர்களின் மூச்சில் மட்டுமே இருந்தது. அந்தக் கதறலும் அப்படித்தான்.

ஆனால் உங்கள் சட்டம் தாளில் இருப்பதை மட்டுமே வானொலிக்கு வரும்போது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் ராயல்டி போகிறது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எதுவும் இல்லை. பெர்சி ஸ்லெட்ஜின் பாட்டில் ஆசிரியர்களாகப் பதிவாகியிருப்பவர்கள் அவருடைய குழுவில் வாசித்த கால்வின் லூயிஸும் ஆண்ட்ரூ ரைட்டும். மெட்டு தன்னுடையது என்றும், சிறு வயதில் பருத்திக் காட்டில் முணுமுணுத்தது என்றும், நண்பர்களுக்காகப் பெயரை விட்டுக்கொடுத்தேன் என்றும் பிற்காலத்தில் பெர்சி சொன்னார். அப்படிச் செய்ததற்காக வருந்தவும் செய்தார். அந்த வழக்கை இங்கே நான் நடத்தவில்லை. லூயிஸுக்கும் ரைட்டுக்கும் போவதில் ஒரு சென்ட்டும் குறைய வேண்டாம். அந்தப் பாட்டை உலகம் முழுவதும் கொண்டுபோன தொண்டைக்கு வானொலியிலிருந்து என்ன கிடைத்தது என்று மட்டுமே கேட்கிறேன்.

எனக்கு இந்தப் பாட்டு அறிமுகமானது மைக்கேல் போல்டன் வழியாக. 1991இல் அவர் அதை மீண்டும் பாடினார். மறுபடியும் அமெரிக்காவில் முதலிடம், அடுத்த ஆண்டு கிராமி விருது. நான் அப்போது திருச்சியில் மாணவன். விடுதி அறையில் ஒரே கேசட்டை நாடா தேயும்வரை போட்டோம். அது அவருடைய பாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். பெர்சி ஸ்லெட்ஜ் என்ற பெயரை நான் கேட்டது இந்த ஊருக்கு வந்த பிறகு. ஒரு மாலை காரில் எஃப்எம்மைத் திருகியபோது அந்தப் பழைய ஆர்கன் ஒலித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். போல்டன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருடைய பதிப்பு எஃப்எம்மில் ஒலித்தாலும் அவருக்கும்தான் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒருவர் வெளியிட்ட பாட்டை மற்றவர் பாடும் கவர் பாடல்களைத் தடுக்கும்படி நான் கேட்கவில்லை. 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த நாட்டில், ஒரு முறை பதிவாகி வெளியான பாட்டை உரிய கட்டணம் செலுத்தி யாரும் பாடிப் பதிவு செய்யலாம். அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் சோல் என்னும் கறுப்பின இசை மரபின் பாடல்கள் இத்தனை பிறவிகள் எடுத்தன. அந்தப் பிறவிகளில் பணம் எந்த வழியில் ஓடுகிறது என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது.

1987இன் தொடக்கத்தில் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரங்களுக்காகப் பிரிட்டனில் இரண்டு பழைய காதல் பாடல்களை எடுத்தார்கள். ஒன்று பெர்சி ஸ்லெட்ஜுடையது. மற்றது பென் ஈ. கிங் 1961இல் வெளியிட்ட ‘ஸ்டாண்ட் பை மீ’. இரண்டு இசைத்தட்டுகளும் மீண்டும் வெளியாகி, பிரிட்டிஷ் வரிசையில் கிங் முதலிடத்திலும் ஸ்லெட்ஜ் இரண்டாமிடத்திலும் ஒரே நேரத்தில் நின்றார்கள். இருவருமே அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர்கள், இருவரும் அட்லாண்டிக் குடும்பத்துக் குரல்கள். வேறுபாடு ஒன்றுதான்: ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் ஆகியோருடன் சேர்ந்து ‘ஸ்டாண்ட் பை மீ’யின் ஆசிரியராக கிங்கின் பெயரும் பதிவாகியிருந்தது.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று பாருங்கள். 1975இல் ஜான் லெனன் அதைப் பாடினார். 1980இல் மிக்கி கில்லி பாடி கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பெற்றார். 2007இல் ஷான் கிங்ஸ்டன் அதன் பேஸ் வரியை எடுத்துத் தன் ‘பியூட்டிஃபுல் கேர்ள்ஸ்’ பாட்டைக் கட்டினார், அதுவும் முதலிடம். 2010இல் பிரின்ஸ் ராய்ஸ் அதைப் பச்சாட்டா என்ற லத்தீன் நடன இசையாக்கினார். 2018இல் வின்ட்ஸரில் அரச குடும்பத் திருமணத்தில் கிங்டம் கொயர் என்ற பாடகர் குழு அதைப் பாடியபோது உலகமே கேட்டது. ஒவ்வொரு முறையும் எழுதியவர்களின் கணக்கில் பங்கு சேர்ந்தது, அவர்களில் கிங்கும் ஒருவர். வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் அப்படியே. பாடலாசிரியர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் பிஎம்ஐ அமைப்பு 1999இல் வெளியிட்ட பட்டியலில், அந்த நூற்றாண்டில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மிக அதிகம் ஒலித்த தன் பாடல்களில் நான்காவது இடம் ‘ஸ்டாண்ட் பை மீ’க்கு. ஆனால் அந்தப் பதிவில் டபுள் பேஸ் வாசித்த லாயிட் ட்ராட்மனின் விரல்கள் இந்தக் கணக்கு எதிலும் இல்லை.

2015 மார்ச்சில் உங்கள் காங்கிரஸ் நூலகமே ‘ஸ்டாண்ட் பை மீ’ பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது. காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலி என்று உங்கள் நூலகம் சொல்லும் அதே பதிவை, பாடியவருக்கு எதுவும் தராமல் ஒலிபரப்பலாம் என்கிறது உங்கள் சட்டம். அடுத்த மாதமே, ஏப்ரல் 14 அன்று பெர்சி ஸ்லெட்ஜ் இறந்தார். ஏப்ரல் 30 அன்று பென் ஈ. கிங் இறந்தார்.

இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் வேறு சட்டம் என்பதை அறிவேன். 1995இல் நீங்களே இயற்றியது. அங்கே வரும் தொகையில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 விழுக்காடு முன்னணிப் பாடகருக்கு, 5 விழுக்காடு பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும். ஆனால் 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவானவை கூட்டாட்சிச் சட்டத்துக்கு வெளியே இருந்ததால், பழைய சோல் பதிவுகள் அங்கேயும் வாசலில் நிறுத்தப்பட்டன. 2018இன் இசை நவீனமயமாக்கல் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. நல்ல சட்டம், இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றினீர்கள். பெர்சி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எஃப்எம் மட்டும் அப்படியே விடுபட்டது. இன்று என் காரில் அதே பாட்டைச் செயற்கைக்கோள் வானொலியில் கேட்டால் ஓல்டாமின் ஆர்கனுக்கு ஏதோ ஒரு துளி சேர்கிறது. பொத்தானை எஃப்எம்முக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது.

வானொலி நிலையங்களின் வாதம் பழையது: ஒலிபரப்பே விளம்பரம்தான், இசைத்தட்டு விற்கிறதே, போதாதா என்பார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டை இன்று காலை ஏழு மணிக்குப் போடுவது யாருக்கு விளம்பரம்? கேட்பவரை அடுத்த கார் விற்பனை விளம்பரம்வரை இருக்கையில் பிடித்துவைக்கும் வேலையைத்தான் பெர்சியின் குரல் அங்கே செய்கிறது. அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. மேலும், நீங்கள் வெளிநாட்டுப் பாடகர்களுக்குத் தராததால், பல நாடுகள் அங்கே ஒலிக்கும் அமெரிக்கக் குரல்களுக்குரிய பங்கையும் நிறுத்திவைக்கின்றன. நான் பிறந்த இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வணிகப் பயன்பாட்டில் பாடியவருக்கும் ராயல்டி உரிமை உண்டு என்று எழுதிவைத்தார்கள். நடைமுறையில் அங்கே இன்னும் இழுபறிகள் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. உரிமையாவது சட்டத்தில் இருக்கிறது.

சிற்றூர் நிலையங்கள் மூடிவிடும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். புயல் எச்சரிக்கை வரும் இரவுகளில் எங்களுக்கு உள்ளூர் வானொலிதான் துணை. ஆனால் 2021இல் முதலில் கொண்டுவரப்பட்டு 2025இலும் மீண்டும் முன்வைக்கப்பட்ட அமெரிக்க இசை நியாய மசோதா அதற்கு விடை வைத்திருக்கிறது. ஆண்டு வருவாய் 15 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள, பெரிய நிறுவனத்தின் கையில் இல்லாத நிலையங்கள் ஆண்டுக்கு 500 டாலர் கட்டினால் போதும். மிகச் சிறியவற்றுக்கு அதிலும் குறைவு. ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர்கூட வரவில்லை. இதைத் தாங்க முடியாது என்று சொல்லும் கடிதங்கள் எந்த ஊர் நிலையத்திலிருந்து வருகின்றன, நூற்றுக்கணக்கான நிலையங்களை வைத்திருக்கும் எந்த நிறுவனத்திலிருந்து வருகின்றன என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பிரித்துப் பாருங்கள்.

உங்களில் பலர் வானொலிக்குப் புதிய கட்டணம் எதுவும் கூடாது என்ற தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். என் மாநிலத்து உறுப்பினர்களிடம் தனியாகக் கேட்கிறேன்: ஷெஃபீல்டும், ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் பேர்போன அதன் பக்கத்து ஊர் மஸில் ஷோல்ஸும் நம் மண். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த ஊர்களைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். பெர்சியின் பதிவில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் ஹாக்கின்ஸ் 2021இல் இறந்தார். ஒலிப்பதிவு செய்த ஜிம்மி ஜான்சன் 2019இல் இறந்தார். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள். நீதித்துறைக் குழுக்களில் இருப்பவர்கள் இந்த மசோதாவை இந்தக் கூட்டத்தொடரிலேயே அவையின் வாக்கெடுப்புக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஒவ்வொருவரின் வாக்கும் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை நானும் என் குடும்பத்தில் வாக்குரிமை உள்ள மற்ற மூவரும் குறித்துவைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஹன்ட்ஸ்வில்லில் வாழும் ஒரு தமிழ் வாக்காளன்