தமிழ் விசைப்பலகை மென்பொருளை வைரஸ் என்று அழித்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான வைரஸ் எச்சரிக்கையால் ஏற்பட்ட தொழில் பாதிப்பு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தென்காசியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையின் எல்லாக் கணினிகளுக்கும் உங்கள் ஆன்டிவைரஸுக்குத்தான் சந்தா கட்டுகிறேன். அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, நாங்கள் தமிழ் அடிக்கும் விசைப்பலகை மென்பொருளை அது ‘கீலாகர்’ (நாம் அடிப்பதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் உளவு மென்பொருள்) என்று சொல்லி அழித்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தேகக் கோப்புகளைத் தனியே பூட்டி வைக்கும் குவாரன்டைனில் தேடினேன், அங்கும் இல்லை.

ஆவணி முகூர்த்த நேரம். எங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. தட்டச்சு செய்யும் அம்மாவுக்குக் கை பழகியது பழைய தட்டச்சு முறை. அவர் அடிப்பதை இடையில் நின்று பாமினிக்கு ஏற்ற எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் போனதும், திரையில் வந்தது வாசிக்கவே முடியாத எழுத்துக் குவியல். மாப்பிள்ளை வீட்டார் கடையில் உட்கார்ந்திருக்க நாங்கள் முழித்தோம்.

எங்களுடையது போன்ற தமிழ் விசைப்பலகை மென்பொருள், அழுத்தும் விசையை இடைமறித்துத்தான் தமிழ் எழுத்தைத் தருகிறது. கீலாகரும் விசையை இடைமறிக்கும், ஆனால் அதைப் பதிவு செய்து வெளியே அனுப்பும். எங்களுடையது இணையத்தையே தொடாது. இதைப் பிரித்துப் பார்க்கத்தானே உங்களுக்குப் பணம் கட்டுகிறோம்? உங்கள் எச்சரிக்கைப் பெட்டி காட்டிய மற்ற காரணங்கள் இரண்டு: மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று உறுதி செய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லை, பயன்படுத்துவோர் குறைவு. யாரோ ஒருவர் இலவசமாக எழுதிக் கொடுத்த தமிழ் மென்பொருளுக்குக் கையொப்பச் சான்றிதழ் வாங்க ஆண்டுதோறும் யார் பணம் கட்டுவார்கள்? கொஞ்சம் பேர் பயன்படுத்துவது குற்றம் என்றால், சின்ன மொழிகளுக்காக எழுதப்படும் மென்பொருள் எல்லாமே உங்களிடம் சந்தேகக் கேஸ்தான்.

2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்துக் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. பெரிய நிறுவனங்களும் ஆஸ்பத்திரிகளும் மாட்டியதால் சில மணி நேரத்திலேயே அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். தென்காசி டிடிபி கடைக்கு யார் அவசரப்படப் போகிறார்கள்! கோப்பை உங்கள் ஆய்வுக்கு அனுப்பினேன். ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற தானியங்கி மின்னஞ்சலோடு சரி.

போனில் பேசிய உங்கள் ஊழியர், “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க சார்” என்றார். நாள் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் பென்டிரைவ் செருகும் கடை இது. மென்பொருளை, ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்துப் பார்த்தோம். அடுத்த அப்டேட்டில் வேறொரு பெயர் சொல்லி மறுபடி பிடித்தது.

உண்மையான வைரஸிலாவது வேலை ஒழுங்கா என்றால், அதுவும் அரைகுறை. பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்தால் ஷார்ட்கட்டை மட்டும் அழிக்கிறது. அது மறைத்து வைத்த ஃபோல்டரை வெளியே கொண்டுவருவதில்லை. ‘என் ப்ராஜெக்ட்டை அழிச்சிட்டீங்களே அண்ணா’ என்று பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். மேக்ரோ வைரஸ் ஒட்டிய எக்செல் கோப்பு என்றால், மேக்ரோ என்ற அந்தச் சிறு நிரலை மட்டும் நீக்காமல் கணக்கு மொத்தத்தையும் தூக்கிவிடுகிறது.

என் கோரிக்கைகள்: அந்த மென்பொருளைச் சோதித்து உங்கள் வைரஸ் பட்டியலிலிருந்து எடுங்கள். சந்தேகப்படும் கோப்பை அழிக்காமல் குவாரன்டைனில் வைத்து, உரிமையாளரைக் கேட்பதையே இயல்பான அமைப்பாக்குங்கள். ஆய்வுக்கு வரும் கோப்புக்கு மனிதர் ஒருவர் பதில் எழுதட்டும். இவை முடியாதென்றால் மீதிச் சந்தாத் தொகையைத் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். எச்சரிக்கைப் பெட்டியின் படங்களையும் சந்தா ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
டிடிபி கடை உரிமையாளர்,
தென்காசி